திருச்சி தூய வளனார் பள்ளி: ஆசிரியர்களை வளர்த்த ஒரு பள்ளியின் நினைவுகள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ரோஸ் ஹில்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நல்ல பள்ளி எது என்று இங்கே மொரீசியசில் பெற்றோர் பேசிக்கொள்ளும்போது, தேர்வு முடிவுகளும், எந்த ஆசிரியரிடம் டியூஷனுக்கு அனுப்புவது என்பதுமே பெரும்பாலும் பேச்சாக இருக்கின்றன. அந்தப் பேச்சில் விடுபட்டுப்போகும் ஒன்றைப் பற்றி எழுதவே இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரு பள்ளி தன் ஆசிரியர்களை என்ன செய்கிறது, அவர்களை ஆண்டுக்கு ஆண்டு வளர்க்கிறதா, தேய விடுகிறதா என்பதைப் பார்த்தால் அந்தப் பள்ளியின் தரம் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை எனக்குக் கொடுத்தது திருச்சிராப்பள்ளியில் கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையார் நடத்தும் தூய வளனார் பள்ளி. என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அங்கே தமிழாசிரியனாகக் கழித்தேன். இப்போது மகள் குடும்பத்தோடு ரோஸ் ஹில்லில் இருக்கிறேன்.

பள்ளியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1773-இல் போப்பாண்டவரால் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன்பின், தமிழகத்தில் சபை முன்பு நடத்திய மறைப்பணியான பழைய மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த பிரெஞ்சுக் குருக்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்வி நிலையத்தைத் தொடங்கினார்கள். 1883-இல் அது திருச்சிக்கு மாறியது. தெப்பக்குளத்தின் கரையில், ஒரு பக்கம் மலைக்கோட்டையும் மறுபக்கம் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரமும் தெரியும் இடத்தில் கல்லூரியும் பள்ளியும் சேர்ந்து வளர்ந்தன. அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை அந்தக் கல்லூரியில் படித்தார். எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்தான். ஆண்டு விழாதோறும் இந்தப் பெயர்களைச் சொல்லி மகிழ்வோம். ஆனால் நான் சொல்ல வந்தது புகழ்பெற்ற மாணவர்களைப் பற்றியது அன்று.

நான் சேர்ந்தபோது தலைமையாசிரியராக இருந்த குருவானவர் வாரத்தில் ஒரு முறையாவது முன்னறிவிப்பின்றி வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் மாணவர்களோடு உட்கார்ந்துகொள்வார். குறிப்பேடு எதுவும் கொண்டு வர மாட்டார். மாலையில் மணி அடித்தபின் வராந்தாவில் கூடவே நடந்து, ‘மூன்றாவது வரிசையில் சன்னலோரம் இருந்த பையன் இன்று ஒரு வார்த்தையும் பேசவில்லையே, அவன் வீட்டில் ஏதாவது சங்கடமா?’ என்று கேட்பார். பாடம் எப்படி இருந்தது என்பதை அதற்குப் பிறகுதான் தொடுவார். மாதத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் சில கட்டுரை நோட்டுகளை வரவழைப்பார். அவர் பார்ப்பது மாணவனின் நீல மையை அன்று, எங்கள் சிவப்பு மையை. பிழையை வட்டமிட்டதோடு விட்டிருந்தால் அந்த நோட்டு ஆசிரியரின் மேசைக்கே திரும்பி வரும். ஏன் பிழை என்பதை ஓரத்தில் அரை வரியாவது எழுதியிருக்க வேண்டும். நன்றாக எழுதிய இடத்தில் அது ஏன் நன்றாக இருக்கிறது என்றும் எழுதியிருக்க வேண்டும். நாற்பத்தைந்து நோட்டுக்கு இப்படி எழுதுவது எளிதான வேலை அன்று. அதனாலேயே எங்களுக்குத் திருத்தும் வேலைக்கென்று வாரத்தில் இரண்டு பாடவேளைகளை ஒதுக்கிக் கொடுத்தார். கேட்பதற்கு முன் வசதி செய்து கொடுத்துவிட்டு, அதன்பின் கேட்பார்.

இன்னொன்று, பாடத்தின் தொடக்கம். இயேசு சபையின் கல்வித் திட்டம் 1599-இல் வகுக்கப்பட்டது. படித்ததை மாணவனே திரும்பச் சொல்லும் பயிற்சிக்கு அதில் தனி இடம் உண்டு. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பாடவேளையின் முதல் பத்து நிமிடமும் அதற்கே. நேற்றைய பாடத்தை ஒருவன் எழுந்து தன் சொந்த வார்த்தையில் சொல்வான். இன்னொருவன் விட்டதைச் சேர்ப்பான். மூன்றாமவன் ஒரு கேள்வி கேட்பான். ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. வல்லினம் மிகும் இடங்களை நடத்திய மறுநாள், லால்குடிப் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் ஒரு மாணவன் எழுந்து, ‘அந்தப் பையன்’ என்பதில் ஒற்று வரும், ‘அது பெரியது’ என்பதில் வராது என்று சரியாகச் சொன்னான். உடனே பின்வரிசையிலிருந்து ஒருவன், ‘இரண்டும் சுட்டுதானே, ஒன்றுக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்டான். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. விதியின்படி நான் பேசக் கூடாது. அவர்களே ‘இந்த, எந்த’, ‘இது, எது’ என்று பத்துப் பதினைந்து தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, பெயருக்கு முன் அடையாக நிற்பது எது, தானே பெயராக நிற்பது எது என்று பிரித்துக்கொண்டார்கள். அன்றைய புதிய பாடம் நடக்கவே இல்லை. தலைமையாசிரியரிடம் சொன்னேன். ‘நடந்திருக்கிறதே’ என்றார்.

கல்வியாண்டு தொடங்குமுன் ஆசிரியர்களுக்கு மட்டும் சில நாள் கூட்டம் நடக்கும். இந்து, இஸ்லாமிய ஆசிரியர்களும் தயக்கமின்றி வருவார்கள். அதில் ஒருவர் தம் பாடத்திலிருந்து ஒரு பகுதியைச் சக ஆசிரியர்களுக்கு நடத்திக் காட்ட வேண்டும். இயற்பியல் ஆசிரியர் எனக்கு ஒளிவிலகலைப் புரியவைத்தார். நான் அவருக்கு அலகிட்டு வாய்பாடு கூறக் கற்றுக்கொடுத்தேன். செப்டம்பர் 5 அன்று குருக்கள் எங்களுக்குப் பந்தி பரிமாறுவார்கள். அந்தப் பந்தியில் அலுவலக உதவியாளரும் காவலாளியும் எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்களோ பணிசெய்தவர்களோ இங்கே இருந்தால் தங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

---

தமிழாசிரியை, காத்ர் போர்ன்

ஐயா, வணக்கம். தங்கள் பதிவை இருமுறை வாசித்தேன். நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் முன்னோர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தமிழை நான் பள்ளியிலும், பிறகு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் கற்றேன். ஆகவே தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய செய்திகளை மிகுந்த ஆர்வத்தோடு படிப்பவள்.

மாணவனே திரும்பச் சொல்லும் பயிற்சியைப் பற்றி ஒரு கேள்வி. தங்கள் மாணவர்கள் வீட்டிலும் தெருவிலும் தமிழ் பேசியவர்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கிறார்கள், தமிழை என் வகுப்பில் மட்டுமே கேட்கிறார்கள். பாடவேளையும் குறுகியது. அதில் பத்து நிமிடத்தை ஆசிரியர் பேசாமல் விட்டுவிட்டால், அவர்கள் தமிழ் கேட்கும் நேரமே குறைந்துவிடாதா? இம்முறை இங்கே பொருந்தாது என்று நான் சொல்லவில்லை. பொருந்த வேண்டும் என்ற விருப்பத்தினால்தான் கேட்கிறேன்.

---

முன்னாள் மாணவன், எபேன்

சார், வணக்கம். தாங்கள் எந்த ஆண்டுகளில் அங்கே இருந்தீர்கள் என்று தெரியவில்லை. என்னைக் கற்பித்தவராகவே இருக்கவும் கூடும். நான் மேல்நிலை வகுப்புகளை அந்தப் பள்ளியில் முடித்துவிட்டு, கணினித் துறையில் வேலை கிடைத்து இங்கே வந்தவன். எங்கள் வீடு நத்தர்வலி தர்காவுக்கு அருகில் இருந்தது.

கிறித்தவரல்லாத மாணவனாக அங்கே எப்படி இருந்தது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்வி வகுப்புக்குச் செல்லும் வேளையில் எங்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். அதை நடத்தியவர் பெரும்பாலும் பயிற்சியில் இருந்த இளம் பிரதர் ஒருவர். இயேசு சபையில் குருவாவதற்கு முன் தத்துவம் படித்து முடித்தவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி ஓரிரு ஆண்டு பணிசெய்ய வைப்பது வழக்கம். வயதில் எங்களுக்கு அண்ணன் போல் இருந்த அவர்கள் மாலையில் எங்களோடு கைப்பந்து ஆடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போக நாங்கள் ஒருபோதும் கெஞ்ச வேண்டியிருந்ததில்லை. ரமலான் மாதத்தில் ஒரு பிரதர் பகலில் எங்கள் எதிரில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாங்களாகவே கவனித்தோம்.

கல்லூரி வளாகத்திலுள்ள ராப்பினாத் தாவர உலர்காட்சியகத்துக்கு எங்களை அழைத்துச் சென்ற நாள் எனக்கு மிகவும் முக்கியமானது. 1967-இல் அதை நிறுவியவர் கே. எம். மேத்யூ என்ற இயேசு சபைக் குரு. தமிழகத்துத் தாவரங்களை இடம் இடமாக நடந்து சேகரித்து, அவர் 1980-களில் பல தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மதிக்கப்படுகிறது. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து எங்கள் முன் வைத்தார்கள். அழுத்தி உலர்த்திய ஒரு செடி, வேரோடு, சிறு காகிதப் பட்டைகளால் ஒட்டப்பட்டிருந்தது. கீழே வலது மூலையில் எந்த ஊர், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் தேதி, யார் எடுத்தார்கள், பூவின் நிறம் என்ன என்றெல்லாம் எழுதியிருந்தது. காய்ந்தபின் பூ பழுப்பாகிவிடும் என்பதால் நிறத்தைப் பறித்த அன்றே எழுதிவிட வேண்டும் என்று விளக்கினார்கள். நான் இன்று மென்பொருளில் பிழை தேடும்போதும், பார்த்ததைப் பார்த்த உடனே குறித்துக்கொள்ளும் பழக்கம் அந்தத் தாளிலிருந்து வந்ததுதான்.

---

கியூர்பிப் வாசகர்

எல்லோருக்கும் வணக்கம். இனிய நினைவுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கம் ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. என் அண்ணன் தென் மாவட்டம் ஒன்றில், குருக்கள் நடத்திய வேறொரு விடுதிப் பள்ளியில் படித்தவர். விடுதியில் தமிழ் பேசினால் அபராதம், படிப்பு நேரத்தில் கண் அசந்தால் பிரம்படி என்றிருந்த காலம் அது. அறுபது வயதைக் கடந்த பின்னும் அவர் அந்தப் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார். படிப்பில் அவர் முன்னேறினார் என்பதும் உண்மை. ஆனால் அதை நன்றியோடு நினைக்க அவரால் முடியவில்லை.

அடுத்தது சாதி. தமிழகத்துக் கத்தோலிக்கக் கோயில்களிலேயே சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைத்த வரலாறு உண்டு. அந்தத் திருச்சபையின் பள்ளிகள் மட்டும் எப்படி விதிவிலக்காக இருந்திருக்கும்? ஆசிரியர் ஐயா ‘ஒரே வரிசைப் பந்தி’ என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன். குறைசொல்லும் நோக்கத்தோடு அன்று.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ரோஸ் ஹில்

கியூர்பிப் நண்பருக்கு: கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். தங்கள் அண்ணன் பட்டது கொடுமை. அதற்குக் காலத்தையோ கண்டிப்பையோ காரணம் சொல்லி நான் நியாயம் பேச மாட்டேன். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பலரின் மேசையில் பிரம்பு இருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடைசெய்தபோது, நல்ல ஆசிரியர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பிரம்பை விட்டிருந்தார்கள். தமிழ் பேசியதற்கு அபராதம் என்பதோ எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்ட அண்டிரிக்கு அடிகளாரும், 1732-இல் அகராதி தொகுத்து முடித்த வீரமாமுனிவரும் இயேசு சபையார். அப்படிப்பட்ட மரபை அறிந்த எந்தக் குருவும் ஒரு பையனின் வாயிலிருந்து தமிழை அபராதம் போட்டுப் பிடுங்கியிருக்கக் கூடாது.

சாதியைப் பற்றிய வரலாறும் தாங்கள் சொன்னபடிதான். 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு தெ நோபிலி அந்தணத் துறவியைப் போல வாழ்ந்தார். சாதி வேற்றுமையை அவர் உடைக்கவில்லை. அவருக்குப் பின் எளிய மக்களிடையே பணிசெய்யப் பண்டாரசாமிகள் என்று தனியாக ஒரு பிரிவே ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அந்தப் பிரிவினையின் நிழல் கோயிலிலும் விடுதியிலும் இருந்தது. அதை மறைத்துவிட்டுப் பள்ளியைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நான் அங்கே இருந்த காலத்தில் ஒரு திருப்பம் நடந்தது; அதை நேரில் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். 1970-இல் மதுரைக்கு மேற்கே கருமாத்தூர் என்ற கிராமத்தில், நகரத்துக் கல்லூரிகளின் வாசலை மிதித்தறியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்காக இயேசு சபையாரின் அருளானந்தர் கல்லூரி தொடங்கப்பட்டது. 1973-இல் சபையின் உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே வலென்சியா நகரில், தங்கள் பள்ளிகளில் படித்த பழைய மாணவர்களிடம், பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்று பேசினார். நீதியைப் பற்றி நாங்கள் உங்களுக்குக் கற்பிக்கத் தவறிவிட்டோம் என்ற பொருள்பட அந்தக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். அதன் எதிரொலி எங்கள் ஆசிரியர் கூட்டம் வரை வந்தது. 1980-களில் தமிழகத்து இயேசு சபையார் தலித் மக்களுக்கு முன்னுரிமை தருவது என்று உறுதி எடுத்தபோது, சேர்க்கையில் மதிப்பெண் மட்டும் அளவுகோலாக இருக்க முடியாது என்று எங்களிடம் விளக்கினார்கள். எங்களில் சிலர் எதிர்த்தார்கள். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையும் என்றார்கள். தலைமையாசிரியர் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த மாணவர்களுக்கு மாலை ஆறு மணி முதல் விடுதிக் கூடத்தில் யார் உடனிருப்பது என்று கேட்டுத் தம் பெயரை முதலில் எழுதினார். அந்தத் தாள் எங்கள் ஓய்வறையில் ஒட்டப்பட்டிருந்தது. எதிர்த்துப் பேசியவர்களின் பெயரும் சில வாரங்களில் அதில் இருந்தது. நான் பந்தியைப் பற்றி எழுதியது அந்தக் கூடத்தில் கண்ட உறவுகளையும் மனத்தில் வைத்துத்தான்.

எபேன் தம்பிக்கு: உங்கள் பதிவைப் படித்து மிக மகிழ்ந்தேன். அந்தத் தாவரத் தாள்களின் மூலையில் இருக்கும் எழுத்தை நானும் பார்த்திருக்கிறேன். என் கட்டுரை வகுப்பில் அதையே பயிற்சியாகக் கொடுத்ததுண்டு: ஒரு பொருளைப் பார்த்து, பார்த்ததை மட்டும் ஐந்து வரியில் எழுதுங்கள், ‘அழகிய’ என்ற அடை கூடாது என்பேன்.

---

போர்ட் லூயி வாசகர்

இழைக்குத் தொடர்புடைய ஒரு செய்தி. இயேசு சபையாருக்கும் நம் தீவுகளுக்கும் உள்ள தொடர்பு பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த தமிழர்களிடையே பணிசெய்ய, மதுரை மிஷனோடு தொடர்புடைய பிரெஞ்சுக் குருக்கள் ரீயூனியனுக்கும் மொரீசியசுக்கும் வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்புகளில் தமிழிலேயே பேசிப் பழகியவர்கள் அவர்கள். திருச்சியில் பள்ளி நடத்தியவர்களும் இங்கே வந்தவர்களும் ஒரே பட்டறையில் தமிழ் கற்றவர்கள் என்று நினைக்கும்போது, இந்த இழை நமக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை.

---

தமிழாசிரியை, காத்ர் போர்ன்

ஐயா, என் கேள்விக்குத் தாங்கள் இன்னும் விடை எழுதவில்லை. இடையில் நானே முயன்று பார்த்துவிட்டேன். நான்காம் கிரேடில் ஒருமை பன்மை நடத்திய மறுநாள், ஐந்து நிமிடம் மட்டும் ஒதுக்கி, நேற்று என்ன படித்தோம் என்று ஒரு பெண் பிள்ளையைச் சொல்லச் சொன்னேன். ‘மரம், மரங்கள். படம், படங்கள். பூ, பூங்கள்’ என்றாள். அடுத்த பெஞ்சில் இருந்த பையன் உடனே எழுந்து ‘பூக்கள்’ என்றான். ஏன் என்று அவள் கேட்டாள். அவன் விளக்கத் தொடங்கினான், ஆனால் முழுவதும் கிரியோலில்: மரத்தின் கடைசியில் ‘ம்’ இருக்கிறது, பூவில் அது இல்லையே, பிறகு ‘ங்’ எங்கிருந்து வரும் என்று. அவன் சொன்னது சரியான விளக்கம். ஆனால் தமிழ் வகுப்பில் கிரியோலில் விளக்க விட்டது சரியா என்று எனக்குத் தெளிவாகவில்லை. உடன் பணிபுரியும் ஒருவர் அது கூடவே கூடாது என்கிறார்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ரோஸ் ஹில்

அம்மா, விடை தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் முயற்சி என் விடையைவிட மேலானதாகிவிட்டது. அந்தப் பையன் இலக்கணத்தைத் தமிழில்தான் சிந்தித்திருக்கிறான். ‘ம்’ ‘ங்’ ஆகத் திரிவதைக் கண்டுபிடிக்கக் கிரியோல் அவனுக்கு உதவியிருக்கிறது, அவ்வளவே. அவனை நிறுத்தாதீர்கள். அவன் சொல்லி முடித்தபின், அதே விளக்கத்தைத் தமிழில் மூன்று வாக்கியமாகக் கரும்பலகையில் தாங்கள் எழுதுங்கள். மறுநாள் அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் ‘பூங்கள்’ என்ற அந்தப் பெண்ணாகவே இருக்கட்டும். திருத்தப்பட்டவரே அடுத்த நாள் முதலில் பேசுவது என்பதை எங்கள் பள்ளியில் விடாமல் கடைப்பிடித்தோம். அதனால் தவறு சொல்லப் பயப்படும் மாணவன் இல்லாமல் போனான்.

ஐந்து நிமிடம் போதும், பத்து வேண்டாம். தமிழ் கேட்கும் நேரம் குறையும் என்ற தங்கள் கவலைக்கு ஒரே வழி, அந்த ஐந்து நிமிடத்தையும் தாங்கள் கரும்பலகையில் எழுதும் மூன்று வாக்கியங்களை எல்லோரும் உரக்கப் படிப்பதோடு முடிப்பது. நோட்டுத் திருத்துவதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகள் வகுப்பு முடிந்தபின் நான் அங்கேதான் இருப்பேன். நான்காம் கிரேடு நோட்டுகளில் ஐந்தாறை எடுத்து வாருங்கள். நன்றாக எழுதும் பிள்ளைகளுடையவற்றை மட்டும் பொறுக்க வேண்டாம். தடை சொன்ன அந்த நண்பரையும் அழைத்து வாருங்கள்; அவருடைய காரணத்தையும் கேட்க விரும்புகிறேன்.